பிடிமண்

என் மகளின் தலைமுடியைப் பார்த்து யாராவது "எவ்வளவு அழகா வளர்த்திருக்கீங்க" என்றால் எனக்கு எரிச்சல்தான் வரும். நான் எங்கே வளர்த்தேன்? எடுக்க முடியாமல் வைத்திருக்கிறேன். பிறந்ததிலிருந்து கத்தி படாத முடி அது. ஓசூரில் எங்களுக்கு மேல் மாடியில் இருக்கும் பெண், என்ன எண்ணெய் தேய்க்கிறீர்கள் என்று துளைத்தெடுக்கிறாள். பள்ளிக்கூடத்தில் பேன் பரவுகிறது, வெட்டிவிடுங்கள் என்கிறார்கள். இரண்டு பேருக்கும் நான் சிரித்து மழுப்பிவிடுகிறேன். பதில் சொல்ல ஆரம்பித்தால் ஜவளகிரிக் காட்டிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கும்.

நான் பிறந்தது பாரூர். ஏரி, வாய்க்கால், நெல், கரும்பு என்று வளர்ந்தவள். காடு என்ற ஒன்றைக் கல்யாணமாகி வந்த பிறகுதான் கண்ணால் பார்த்தேன். கணவர் வீட்டு நிலம் ஜவளகிரிப் பக்கம், காட்டை ஒட்டியே இருக்கிறது. ராகி முற்றும் நேரம் பார்த்து யானைகள் வந்துவிடும். விதைத்தது நமக்கா அவற்றுக்கா என்று தெரியாமலே வருஷங்கள் ஓடும். அதில் வெறுத்துப்போய்ப் பங்காளிகளில் பாதிப்பேர் ஓசூருக்குக் குடிபெயர்ந்தார்கள். நாங்களும் வந்தோம். அவருக்கு ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை, எனக்கு இன்னொரு கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் வேலை. நிலத்தைக் குத்தகைக்கு விட்டாயிற்று. குலசாமி மட்டும் காட்டுக்குள் இருந்தது.

கோயில் என்று சொன்னால் கோபுரத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு பெரிய நாவல் மரம். அதன் அடியில் மஞ்சள் பூசிய மூன்று கற்கள், துருப்பிடித்த வேல் ஒன்று. அவ்வளவுதான். வருஷத்துக்கு ஒரு முறை, சித்திரையில், டிராக்டர் வைத்துக்கொண்டு குடும்பங்கள் எல்லாம் உள்ளே போகும். கிடா வெட்டி, பொங்கல் வைத்து, சாப்பிட்டு, மறுநாள் திரும்பும். எங்கள் வீட்டு வழக்கப்படி பிறக்கிற குழந்தைக்கு முதல் முடி அந்தக் கல்லுக்கு முன்னால்தான் எடுக்க வேண்டும். அதுவரை தலையில் கத்தி படக்கூடாது. சாமிக்கு வைத்த முடி என்பார்கள்.

எனக்குக் குழந்தை தங்கவில்லை. இரண்டு முறை கலைந்தது. ஓசூர் டாக்டர், பெங்களூரு டாக்டர் என்று அலைந்தோம். வீட்டு விசேஷங்களில் எனக்குக் கொடுக்க வேண்டிய குங்குமத்தைப் பக்கத்தில் நிற்பவளுக்குக் கொடுத்துவிட்டு நகர்கிறவர்களையும் பார்த்தேன். எனக்குப் பெரிய பக்தி எல்லாம் கிடையாது. ஆனால் அந்த வருஷம் சித்திரையில், எல்லோரும் சாப்பாட்டுப் பந்தியில் இருக்கும்போது, நான் மட்டும் அந்த மூன்று கற்களுக்கு முன்னால் போய் உட்கார்ந்தேன். வாய்விட்டே பேசினேன். "ஒண்ணு தங்கட்டும். முதல் முடியை இங்கியே கொண்டாந்து கொடுக்கறேன். எந்தக் காரணமும் சொல்ல மாட்டேன்." அடுத்த வருஷம் சித்திரைக்கு முன்னாலேயே என் மகள் பிறந்துவிட்டாள்.

அந்தச் சித்திரையில் அவளுக்கு உடம்பெல்லாம் மஞ்சள் காமாலை. டாக்டர் வெளியே எடுத்துப் போகவே கூடாது என்றார். சரி, அடுத்த வருஷம் ஆகட்டும் என்று விட்டோம். எங்கே போய்விடப் போகிறது காடு என்று என் கணவர் சொன்னார். காடு எங்கும் போகவில்லை என்பது உண்மைதான்.

அந்தக் காடு சரணாலயமான பிறகு ஒவ்வொன்றாகக் கெடுபிடி வந்துகொண்டிருந்தது. முதலில் கிடா வெட்டக்கூடாது. பிறகு அடுப்பு மூட்டக்கூடாது. பிறகு இரவு தங்கக்கூடாது. வண்டி இத்தனைதான், ஆள் இத்தனைதான், இருட்டுக்கு முன்னால் வெளியே வந்துவிட வேண்டும். இதில் நான் யாரையும் குறை சொல்ல வரவில்லை. எங்கள் ஆட்கள் போட்டுவிட்டு வந்த எச்சில் தட்டுகளையும் உடைந்த பாட்டில்களையும் நான் பார்த்திருக்கிறேன். யானை மிதிக்கும் என்று நான் சொன்னதற்கு, "யானை செருப்புப் போட்டுக்கிட்டு வரட்டும்" என்று ஒருவர் சிரித்தார். காட்டைக் காப்பாற்ற வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. அடுப்பு வேண்டாம், கிடா வேண்டாம், எனக்கு ஒரு சவரக் கத்தியும் ஒரு சொம்பு தண்ணீரும் போதும் என்றுதான் நான் நினைத்தேன்.

ஆனால் பங்காளிகளுக்குக் கிடா இல்லாத சாமி ருசிக்கவில்லை. என் மாமனாரின் அண்ணன், நான் மாமா என்று கூப்பிடுகிறவர், அவர்தான் குடும்பத்தில் மூத்தவர். ஓசூருக்கு வந்து மனை வாங்கி விற்று நன்றாக இருக்கிறார். மூட்டு வலி வேறு. அவர்தான் யோசனையை எடுத்தார். உள்ளே இருந்து பிடிமண் எடுத்து வந்து ஓசூரிலேயே கோயில் கட்டிவிடலாம்.

பிடிமண் புதிய சங்கதி இல்லை. பிழைப்பு தேடித் தூரமாகப் போகிறவர்கள், சாமி இருக்கும் இடத்தில் ஒரு பிடி மண் எடுத்து மஞ்சள் துணியில் முடிந்து கொண்டுபோய், போன ஊரில் வைத்துக் கும்பிடுவார்கள். ஆனால் அதற்காக மூலசாமி இடம் மாறிவிட்டது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். வருஷத்துக்கு ஒரு தடவை மூல இடத்துக்குப் போய்த் தலையைக் காட்டியே தீர வேண்டும். கிளை வேறு, வேர் வேறு. எங்கள் ஆட்களுக்கு இது தெரியாமல் இல்லை.

பூ போட்டுக் கேட்டார்கள். அது சித்திரை இல்லை, முடி எடுக்கிற நாளும் இல்லை, மகளை என் அம்மாவிடம் விட்டுவிட்டுத்தான் போயிருந்தேன். கல்லின் தலையில் இரண்டு பக்கமும் பூவை வைத்துவிட்டுக் காத்திருப்பார்கள், வலது பக்கப் பூ விழுந்தால் சாமிக்குச் சம்மதம். அன்றைக்குக் காற்று எந்தப் பக்கம் அடித்தது என்று நான் பார்த்தேன், மாமாவும் பார்த்தார். பூ அவர் நினைத்தபடியே விழுந்தது. குலவை போட்டார்கள். நானும் போட்டேன், போடாமல் இருந்தால் அதற்கொரு பஞ்சாயத்து வைப்பார்கள்.

லேஅவுட் ஒன்றின் மூலை மனையில் கோயில் எழும்பியது. தரைக்கு கிரானைட், சுவருக்கு டைல்ஸ், சாமிக்குச் சுதையில் பெரிய உருவம், முறுக்கு மீசை. மூன்று கல்லாக இருந்தவருக்கு மீசை எப்போது வந்தது என்று கேட்டேன். என் கணவர் என் கையை அழுத்தினார். அவர் எப்போதுமே அப்படித்தான், "எதுக்கு வம்பு" என்பதைத் தவிர வேறு கொள்கை இல்லாத மனிதர். கார் வாங்குகிறவர்கள் பூஜை போட வசதியாக முன்னால் இடம் விட்டிருந்தார்கள்.

கும்பாபிஷேகத்துக்கு வனத்துறை அதிகாரி ஒருவரை அழைத்ததுதான் மாமாவின் பெரிய சாமர்த்தியம். இத்தனை வருஷம் அனுமதி கொடுத்தவர்கள், மரியாதை செய்ய வேண்டாமா என்றார். எங்கள் பக்கத்து ஆட்களுக்குச் சால்வை என்றால் ஒரு கிறுக்கு. யாருக்காவது போர்த்தவேண்டும், யாராவது போர்த்திவிட வேண்டும், அதை யாராவது போட்டோ எடுக்க வேண்டும். அதிகாரிக்குச் சால்வை போர்த்தி, ஆளுயர மாலை போட்டு, மைக்கைப் பிடித்தார் மாமா. தமிழில் பாதி, கன்னடத்தில் பாதி.

"நம்ம சாமி இத்தனி காலமா காட்டுக்குள்ள கல்லுலயும் முள்ளுலயும் இருந்துச்சு. இனிமே அங்க இல்ல. இங்க வந்துடுச்சு. இதான் இனிமே ஆதி கோயில்! இனி சாருக்கும் தொந்தரவு இல்ல, நமக்கும் தொந்தரவு இல்ல."

கைதட்டினார்கள். பந்தியில் பரிமாறும்போது அவரிடமே கேட்டேன். "என்ன மாமா, அங்க இல்லைன்னு சொல்லிட்டீங்க?" அவர் இலையிலிருந்து நிமிரவில்லை. "மேடைல அப்டித்தான் பேசணும் மா. அதுக்குன்னு போவாம இருந்துடுவமா? சித்திரைல போலாம்."

சித்திரைக்கு முன்னால் வழக்கம்போல அனுமதி கேட்டுப் போனார்கள். என் கணவர் வர மறுத்ததால் நான் போனேன். மகளையும் இடுப்பில் வைத்துக்கொண்டு போனேன், பார்த்தால் மனசு இளகட்டும் என்று. அதே அதிகாரிதான் இருந்தார். காபி வரவழைத்தார். முகம் கடுக்காமல்தான் பேசினார்.

"கோயிலைத்தான் நீங்களே வெளிய கொண்டு வந்துட்டீங்களே. நான் நேர்லயே இருந்தேனே."

"அது பேச்சுக்குச் சொன்னதுங்க சார்," என்றார் மாமா.

"நீங்க பேச்சுக்குச் சொன்னீங்க. நான் அதை நல்ல விஷயம்னு மேல சொல்லிட்டேன். மத்த ஊர்க்காரங்களுக்கும் உங்களைத்தான் உதாரணம் காட்டறோம். இப்ப உங்களுக்கே திருப்பி விட்டா அவங்க எல்லாம் சும்மா இருப்பாங்களா?" பிறகு என்னையும் குழந்தையையும் பார்த்தார். "எங்க வீட்லயும் பிடிமண் எடுத்துத்தான்மா வச்சிருக்கோம். அங்கயே கும்பிட்டுக்கறோம். சாமி எல்லா எடத்துலயும் இருக்கும்."

அவர் பேரில் தப்பே சொல்ல முடியாது. அதுதான் எனக்கு ஆத்திரம். திட்டுவதற்கு ஒரு ஆள் கிடைத்திருந்தால் திட்டிவிட்டு ஆறியிருப்பேன். திட்ட வேண்டிய ஆள் என் பக்கத்து நாற்காலியில் காபியை ஆற்றிக்கொண்டிருந்தார்.

வெளியே வந்ததும் மாமா சொன்னார், "விட்டுத் தள்ளும்மா. முடிய நம்ம கோயில்லயே எடுத்துடலாம். ஞாயித்துக்கெழம வச்சிக்கலாம், எல்லாருக்கும் லீவு." அவருக்கு அவ்வளவு சுலபம். நான் முடியாது என்றேன். நடுரோட்டில் நின்று கொஞ்சம் சத்தமாகத்தான் சொன்னேன். அவருக்கும் கோபம் வந்தது. "வந்த மருமவளுக்கு எங்க சாமியப் பத்தி என்ன தெரியும்?"

"உங்க சாமி எனக்கு ஒரு பிள்ளையக் குடுத்துச்சு மாமா. எனக்கு அது தெரியும். எங்க உக்காந்து கேட்டேன்னும் தெரியும்."

அதற்குப் பிறகு பேச்சுவார்த்தை நின்றது. ஞாயிற்றுக்கிழமை கோயில் கூட்டங்களுக்கு என் கணவர் மட்டும் போய்வருவார். அவரிடம் எல்லோரும் என்னைப் பற்றிக் கேட்பார்கள். திமிர் பிடித்தவள் என்ற பெயர் எனக்கு உறுதியாயிற்று. ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று நானே என்னைக் கேட்டுக்கொண்டதுண்டு. நிஜமாகவே எனக்கு விளங்கவில்லை. ஒன்று மட்டும் சொல்ல முடியும். என் வாழ்க்கையில் நான் யாரிடமும் கெஞ்சியதில்லை, அந்த மரத்தடியில் மட்டும் கெஞ்சினேன். கேட்டது கிடைத்தது. கிடைத்த பிறகு, வேறு இடத்தில் வந்து வாங்கிக்கொள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அப்படிச் சொன்னால் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயமும் உண்டு. அதை ஒளிக்கவில்லை. அவளுக்குக் காய்ச்சல் வரும்போதெல்லாம் முதலில் தலைமுடியைத்தான் தொட்டுப் பார்ப்பேன்.

முடி வளர்ந்தது. தோளைத் தாண்டி முதுகுக்கு வந்தது. அவள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தாள்.

இப்படி இருக்கும்போதுதான் எங்கள் கம்பெனி நோட்டீஸ் போர்டில் ஒரு அறிவிப்பு. சுற்றுச்சூழல் தினத்தை முன்னிட்டு ஊழியர்களும் குடும்பத்தாரும் சரணாலயத்துக்குள் காட்டு நடை போகலாம். விருப்பமுள்ளவர்கள் பெயர் கொடுக்கவும், பச்சை டிஷர்ட் கம்பெனி தரும். எந்தக் காடு என்று ஹெச்.ஆர். பெண்ணிடம் கேட்டேன். "தளி தாண்டி, ஜவளகிரி சைடு மேம். ரொம்ப ப்யூர் ஃபாரஸ்ட்டாம்." அனுமதி எப்படிக் கிடைத்தது என்று கேட்டேன். ஒரு மெயில் போட்டோம், வந்துவிட்டது என்றாள். அவளுக்கு என் முகம் ஏன் அப்படிப் போனது என்று புரிந்திருக்காது. தலைமுறை தலைமுறையாய் உள்ளே போய் வந்தவர்களுக்கு வழி அடைத்துவிட்டது, பச்சை டிஷர்ட் போட்டால் திறக்கிறது. இதில் யாருமே தப்பு செய்யவில்லை, எல்லோருக்கும் ஒரு காரணம் இருக்கிறது. நான் பெயரைக் கொடுத்தேன்.

கணவரிடம் காட்டு நடை என்று மட்டும் சொன்னேன். கைப்பையில் கொஞ்சம் மஞ்சள் தூளும், நகம் வெட்டுகிற சின்னக் கத்தரிக்கோலும் எடுத்துக்கொண்டேன். மொட்டை அடிக்க முடியாது, அது எனக்குத் தெரியும். ஆனால் பூமுடி என்று ஒன்று இருக்கிறது. மொட்டைக்குப் பதிலாக முடியில் மூன்று கொத்து மட்டும் வெட்டிக் கொடுப்பது. பெண்கள் அப்படிக் கொடுப்பார்கள், சாமி ஏற்றுக்கொள்ளும். அதை அந்த இடத்தில் வைத்துவிட்டால் மிச்ச முடியை எந்த சலூனில் எடுத்தால் எனக்கென்ன.

பஸ்ஸில் ஒரே பாட்டும் கூத்தும். தளி தாண்டியதும் கைப்பைக்குள் கத்தரிக்கோல் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டேன். காட்டு வாசலில் பைகளைச் சோதித்தார்கள், பிளாஸ்டிக் பாட்டிலை எல்லாம் வாங்கி வைத்துக்கொண்டார்கள். மஞ்சள் தூளைக் காகிதத்தில்தான் மடித்திருந்தேன், விட்டுவிட்டார்கள். எங்களை அழைத்துப்போக ஒரு காவலர் வந்தார், இளவயசுப் பையன், காக்கிச் சட்டை பெரிதாகத் தொங்கியது. "எதையும் எடுக்காதீங்க, எதையும் போட்டுட்டு வராதீங்க. சத்தம் போடாதீங்க," என்று மனப்பாடமாகச் சொன்னார். பேச்சில் தளிப் பக்கத்துக் கன்னட ராகம்.

டிராக்டர் போன பாதையே இப்போது நடைபாதை. எனக்கு ஒவ்வொரு திருப்பமும் தெரிந்தது. உண்ணிச்செடி இரண்டு பக்கமும் மண்டியிருந்தது. நாவல் மரத்தை நான் தூரத்திலேயே பார்த்துவிட்டேன். எங்கே விலகிப்போய்விடுவார்களோ என்று பயந்துகொண்டிருந்தேன், ஆனால் கூட்டம் நேராக அங்கேயே போய் நின்றது. அது ஓய்வெடுக்கும் இடமாம்.

மூன்று கற்களும் இருந்தன. மஞ்சள் கழுவிப்போய் வெறும் கல்லாக இருந்தன. அந்தத் துருப்பிடித்த வேல் இல்லை. எங்கள் மேனேஜர் நடுக்கல் மீது ஒரு காலைத் தூக்கி வைத்து ஷூ கயிறு கட்டிக்கொண்டிருந்தார். "இங்கே ஏதோ பழங்காலத்துல கும்பிட்டிருக்காங்க போல," என்று யாரோ சொன்னார்கள். பழங்காலமாம். நான் மொச்சைக் குழம்பு வைத்த இடம் அது. செல்பி எல்லாம் முடிந்து கூட்டம் தண்ணீர்க் குட்டையைப் பார்க்க நகர்ந்தது. நான் மகளோடு பின்தங்கினேன்.

செருப்பைக் கழற்றினேன். மூன்று கல்லிலும் மஞ்சளை அவசர அவசரமாகத் தடவினேன். மகளை உட்காரவைத்து, முன்னால் ஒரு கொத்து, இரண்டு பக்கமும் ஒவ்வொரு கொத்து வெட்டினேன். "வலிக்குதா?" என்றேன். "இல்லம்மா. எதுக்கு வெட்டற?" என்றாள். "சாமிக்கு." முடியை நடுக்கல்லின் அடியில் வைத்து, ஒரு சின்னக் கல்லை எடுத்து மேலே வைத்தேன். அத்தனை வருஷத்தில் முதல் முறையாக நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது. கண்ணை மூடினேன்.

கண்ணைத் திறந்தபோது காவலர் பக்கத்தில் நின்றிருந்தார்.

"அக்கா, அத எடுத்துடுங்க."

"முடிதான் தம்பி. மக்கிடும்."

"தெரியும் க்கா." அவர் குரலைத் தாழ்த்தினார். "எனக்கும் இங்கதான் மொட்ட போட்டாங்களாம், சின்னதுல. நாங்க இந்தப் பக்கத்துக் கிராமம்தான். ஆனா வச்சா தெரிஞ்சிடும் க்கா. எனக்கு வேல போயிடும். டெம்பரவரிதான் நானு."

"யாருக்குத் தெரியும்? யார் இருக்காங்க இங்க?"

அவர் நாவல் மரத்தைக் காட்டினார். வேல் சாய்த்து வைத்திருந்த உயரத்தில், மரத்தில் வார் போட்டுக் கட்டிய ஒரு சின்னப் பெட்டி. காட்டு மிருகங்கள் நடமாட்டத்தைப் படம் பிடிக்கிற கேமராவாம். எது முன்னால் அசைந்தாலும் தானாகப் படம் எடுத்துக்கொள்ளுமாம். கல்லில் மஞ்சளும் முடியும் இருந்தால், இனி மிருகம் விழுகிற ஒவ்வொரு படத்திலும் அதுவும் சேர்ந்து விழுமாம். மஞ்சளையும் துடைத்துவிடச் சொன்னார். அவரே தன் துண்டைக் கொடுத்தார்.

நான் அவரோடு சண்டை போட்டிருக்கலாம். அந்தத் தொளதொளச் சட்டையைப் பார்த்துப் போட முடியவில்லை. சின்னக் கல்லை நகர்த்தி மூன்று கொத்து முடியையும் பொறுக்கினேன். ஒன்றிரண்டு மண்ணோடு ஒட்டிக்கொண்டிருந்தது, அதையும் நகத்தால் சுரண்டி எடுத்தேன். துண்டால் கல்லைத் துடைத்தேன். என் மகள் இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தாள். "சாமி வேணாம்னு சொல்லிடுச்சாம்மா?" என்று கேட்டாள். மரத்தில் இருப்பது கேமரா என்பது மட்டும் அவளுக்குப் புரிந்துவிட்டது. கேமரா என்றால் சிரிக்க வேண்டும் என்று பழக்கியிருந்தோம். அவள் முன்னால் போய், இரண்டு விரலை விரித்துக் காட்டி, பல் தெரியச் சிரித்தாள்.

எனக்குக் கண்ணில் நீர் நிற்கவில்லை. காவலர் தவித்துப்போனார். படம் விழுந்துவிட்டதே, மாட்டிக்கொள்வோம் என்று நான் பயந்து அழுவதாக நினைத்துவிட்டார் போலிருக்கிறது.

"பயப்படாதீங்க க்கா. நீங்க ரெண்டு பேரும் நின்னது ஒண்ணும் பிரச்சனை ஆகாது. மனுசங்க விழுந்த படத்த எல்லாம் அவங்க அழிச்சிடுவாங்க. மிருகம் இருக்கறத மட்டும்தான் வச்சிக்குவாங்க."

எனக்குத் தைரியம் சொல்லத்தான் சொன்னார்.